அமெரிக்கக் கல்லூரிப் படிப்பும் அரசுதவி பெறாதார்க்குரிய வழிகளும்

2022ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு பிற்பகல், நம் கல்லூரியிற் படித்து ஐக்கிய அமெரிக்க நாடுகளுக்குச் சென்றிருந்த மாணாக்கன் ஒருவனின் தந்தையார் கையிற் கடிதக் கட்டொன்றுடன் என் வீட்டுக்கு வந்தார். மகன் அங்கே ஒரு தனியார் கல்லூரியில் இரண்டாம் ஆண்டை முடிக்குந் தறுவாயில் இருந்தான். ஆண்டொன்றுக்கு அவர் அனுப்பவேண்டிய தொகை 30,000 டொலர். மகனை அனுப்பிய காலத்தில் டொலரொன்று 200 ரூபா அளவில் நின்றது. எனவே ஆண்டுக்கு 60 இலட்சம் எனக் கணக்கிட்டு, சேமிப்பையும் கடனையும் அதற்கேற்ப ஒழுங்குசெய்திருந்தார். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ரூபாவின் பெறுமதி சந்தையின் போக்குக்கு விடப்பட்டது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாவையுந் தாண்டிற்று. அதே 30,000 டொலருக்கு இப்பொழுது 1 கோடி 8 இலட்சம் வேண்டியதாயிற்று. தோட்டக்காணியை விற்பதற்கு ஆள் பேசியாயிற்று என்றும், அதற்கு முன் கல்லூரிக்கு ஓர் விண்ணப்பம் எழுதித் தரவேண்டுமென்றும் அவர் கேட்டார்.

விண்ணப்பம் எழுதினோம். பத்து நாளிற் பதில் வந்தது. மிக மரியாதையான பதில். அயல்நாட்டு மாணவர்க்குக் கல்லூரி தன் சொந்த நிதியிலிருந்து உதவி வழங்குவதுண்டு. ஆயின் அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதே அதனைக் கேட்டவர்க்கு மாத்திரமே வழங்கும். இம்மாணவர் தம் விண்ணப்பத்தில் உதவி வேண்டியதில்லை எனக் குறித்துள்ளார். ஆதலின் வருந்துகின்றோம், என்பது அதன் சாரம். தந்தையார் அதனை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பின்னர், "மாஸ்ரர், அப்ப நாங்கள் கேட்டிருந்தால் தந்திருப்பினமோ?" என்றார்.

அந்தக் குறியை இடச்சொன்னவர் பணம் பெற்று அலுவல் பார்த்த முகவர் ஒருவர். அயல்நாட்டவருக்கு அமெரிக்காவில் ஒரு சதமும் உதவி கிடையாது, கேட்டால் அனுமதியுங் கெட்டுப்போம் என்று அவர் சொல்லியிருந்தார். ஆனால் அவரை மாத்திரம் நோவதற்கு எனக்கு நியாயமில்லை. அம்மாணாக்கனுக்கு நற்சான்றுக் கடிதம் எழுதியவன் நான். விண்ணப்பப் படிவத்தை என் மேசையில் வைத்துப் பார்த்தவனும் நானே. அக்குறியின் பொருள் யாதென்று நான் அன்று விசாரிக்கவில்லை. அதன்பின் விசாரித்து அறிந்தவற்றை, வெளிநாட்டுப் படிப்பில் விருப்புடைய மாணவரும் அவர்தம் பெற்றோரும் பயன்கொள்ளுமாறு இம்மலரில் எழுதுகின்றேன்.

முகவர் சொல்லியதில் ஒரு பாதி உண்மை. அமெரிக்காவிற் கல்லூரி மாணவர்க்குச் சமஷ்டி அரசாங்கம் வழங்கும் உதவி அயல்நாட்டு மாணவருக்குக் கிடையாது. அவ்வுதவி பெரும்பாலும் 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின்பாற்பட்டது. வறிய மாணவர்க்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாத கொடை ஒன்று உண்டு. 1972இல் ஏற்பட்ட இக்கொடை 1980 முதல் செனற்றர் கிளெயிபோர்ண் பெல் என்பாரின் பெயரால் வழங்குகின்றது. 2024-25ஆம் கல்வியாண்டில் அதன் உச்சத் தொகை 7,395 டொலர். இதனோடு குறைந்த வட்டிக் கடனும், சம்பளத்தின் ஒரு பங்கை அரசு தாங்கும் பகுதிநேர வேலையும் சேரும். குடிகளும், நிரந்தர வதிவுரிமை பெற்றோரும், அகதிகளாக ஏற்கப்பட்டோரும் இவற்றுக்கு உரியர். ஆகவே அங்கே வதிவுரிமை பெற்றுவிட்ட நம் பழைய மாணவரின் பிள்ளைகள் இவ்வுதவியைப் பெறலாம்; இங்கிருந்து மாணவர் விசாவிற் செல்லும் பிள்ளை பெறமுடியாது. உரியோருக்கும் இப்பொழுது அரசின் கை சிறிது குறுகி வருகின்றது. மேற்பட்டப் படிப்பினர் தம் செலவு முழுவதையுங் கடனாகப் பெற இடந்தந்த திட்டத்தை, 2026 யூலை முதலாந் திகதிக்குப் பின் புதிதாகக் கடன்படுவோர்க்கு இல்லாமற் செய்தும், பெற்றோர் படுங் கடனுக்குப் பிள்ளையொன்றுக்கு 65,000 டொலர் என எல்லை வகுத்தும் 2025ஆம் ஆண்டிற் சட்டம் நிறைவேறியது.

முகவர் சொல்லாது விட்ட மறுபாதி யாதெனின், அமெரிக்கக் கல்லூரிகள் சமஷ்டி அரசின் கையை நம்பிப் பிறந்தவையல்ல என்பதாம். ஹார்வார்ட் கல்லூரி தோன்றியது 1636இல். நாடு சுதந்திரம் அடைவதற்கு 140 ஆண்டுகளுக்கு முன்பு. 1643இல் இலண்டனில் வாழ்ந்த ஆன் றட்கிளிவ் என்னும் சீமாட்டி, வறிய மாணாக்கன் ஒருவனைப் படிப்பிக்குமாறு 100 பவுண் அளித்தார். அக்கல்லூரியின் முதல் உபகாரச் சம்பள நிதி அதுவே. அதற்கு அடுத்த ஆண்டில், குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடி, வசதியுள்ள ஒவ்வொரு குடும்பமும் கால் புசல் தானியமோ அதன் விலையோ கல்லூரியின் வறிய மாணாக்கர்க்கென ஈதல் வேண்டுமெனக் கேட்டனர். நம் நாட்டிற் பிடியரிசி சேர்த்துச் சைவப் பாடசாலைகள் நடத்திய காலத்தை முதியோர் வாயிலாகக் கேட்டறிந்த நமக்கு இது புதுமையன்று. பணமில்லாத பெற்றோர் கட்டணத்தைக் கோதுமையாகவும் ஆடுமாடாகவுஞ் செலுத்தினர் என்பதும் அக்கல்லூரியின் பழைய கணக்கேடுகளால் தெரிகின்றது.

அமெரிக்கரின் கொடையாற் படித்தல் யாழ்ப்பாணத்துக்கும் பழைய செய்தியே. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனறிமார் நிறுவிய செமினரியிற் படித்த பிள்ளைகளை, கடல் கடந்து வாழ்ந்த உபகாரிகள் தாங்கினர்; தாங்கியவரின் பெயரைப் பிள்ளைக்கு இடுவது அக்கால வழக்கம். நெவின்ஸ் எனவும் கறோல் எனவும் ஆர்ணல்ட் எனவும் நம் பழந் தமிழறிஞர் பெயர்களின் முன் நிற்பன அவ்வாறு வந்தவை. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் ஆரம்ப காலத் தலைமையாசிரியருள் ஒருவரான நெவின்ஸ் செல்வதுரை அவர்களின் பெயரிலும் அவ்வழக்கத்தின் சுவடு இருக்கின்றது. உதவியோடு மதமும் பெயரும் சேர்ந்து வந்தமையாலேயே நம் முன்னோர் இந்துக் கல்லூரிகளை வேறாக நிறுவ நேர்ந்தது. யார் தருகின்றார், எதனைக் கேட்டுத் தருகின்றார் என்று ஆராய்தல் அன்றும் வேண்டியிருந்தது, இன்றும் வேண்டும்.

1930ஆம் ஆண்டுகளின் பொருளாதார மந்தத்தின்போது மாணவர்க்குச் சமஷ்டி அரசு சிறிது வேலையுதவி அளித்தது. யுத்தம் முடியுமுன், 1944இல், போர்வீரர் படிப்புக்கு நிதி ஒதுக்கிய சட்டமே பெருங் கதவைத் திறந்தது. அதற்கு முன் முந்நூறு ஆண்டுகள் ஏழைப் பிள்ளை கல்லூரிக்குப் போனது எவ்வாறெனின், ஒன்றில் ஒரு தருமவான் கொடுத்தான். அன்றேல் பிள்ளை கைகளால் உழைத்தது. பெரும்பாலும் இரண்டுஞ் சேர்ந்தே நிகழ்ந்தன. இதற்குப் புக்கர் வாஷிங்ரன் அவர்களின் வரலாற்றை விடச் சிறந்த உதாரணம் இல்லை.

அடிமைக் குடிலிற் பிறந்து, உப்புக் காய்ச்சும் இடத்திலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலைசெய்த அவ்விளைஞன், ஹம்ற்றன் என்னும் ஊரிற் கறுப்பின மக்களுக்கொரு பாடசாலை இருக்கின்றது, வேலைசெய்து படிக்கலாம் எனக் கேள்வியுற்று, 1872இல் ஏறக்குறைய 500 மைல் தூரம் நடந்தும் வண்டியேறியுஞ் சென்றான். வழியில் றிச்மண்ட் நகரிற் கையிற் காசின்றித் தெருவோரப் பலகை நடைபாதையின் அடியில் உறங்கி, பகலிற் கப்பலிலிருந்து இரும்பு இறக்கிப் பணம் சேர்த்தான். பாடசாலையை அடைந்தபோது கையில் இருந்தது 50 சதம். தலைமையாசிரியை அவனுடைய அழுக்குடையைப் பார்த்துச் சேர்ப்பதா விடுவதா எனத் தயங்கினார். சில மணி கழித்து, பக்கத்து வகுப்பறையைக் கூட்டுமாறு ஒரு துடைப்பத்தைக் கொடுத்தார். அவன் மூன்று முறை கூட்டினான். நான்கு முறை தூசு துடைத்தான். ஆசிரியை கைக்குட்டையாற் சுவரையும் வாங்கையும் உரைத்துப் பார்த்து, ஒரு தூசியுங் காணாமல், அவனைச் சேர்த்துக்கொண்டார். அவனுக்கு அது பிரவேசப் பரீட்சை.

கதை இவ்வளவில் நம் மேடைகளிற் பலமுறை சொல்லப்படுகின்றது. எஞ்சிய கணக்கை எவருஞ் சொல்வதில்லை. உணவுக்கும் உறையுளுக்கும் மாதம் 10 டொலர். அதனைப் பாடசாலையின் வாயிற்காப்போனாக, அறைகளைச் சுத்தஞ்செய்வோனாக, இரவு பகல் வேலைசெய்து பெரும்பாலும் தீர்த்தான். ஆனால் போதனைக் கட்டணம் ஆண்டுக்கு 70 டொலர். அது அவன் உழைப்புக்கு எட்டாத தொகை. நியூ பெட்போர்ட் நகரத்து மோர்கன் என்பவர் அவன் படித்த காலம் முழுவதும் அதனைச் செலுத்தினார். துடைப்பத்தின் பெருமை பெரிதே. ஆயினும் மோர்கன் அளித்த 70 டொலர் இல்லையேல் அத்துடைப்பம் அவனைப் பட்டத்துக்குக் கொண்டு சென்றிராது. இக்கணக்கை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்க. உழைப்புச் சாப்பாட்டுக்கு, கட்டணத்துக்கு நிதி. இன்றும் பெரும்பாலும் அவ்வாறே.

எப்படியெனின், மாணவர் விசாவிற் சென்றவன் தவணைக் காலத்திற் கல்லூரி வளவினுள்ளே வாரத்துக்கு 20 மணி நேரம் வேலைசெய்யலாம். வெளியே செய்தல் பொதுவாகச் சட்டவிரோதம். ஆண்டுக்கு 30 வாரம், மணிக்கு 12 டொலர் என வைத்துக்கொண்டால், கிடைப்பது 7,200 டொலர். புகழ்பெற்ற தனியார் கல்லூரிகளிற் கட்டணமும் விடுதியும் உணவுஞ் சேர்ந்து இன்று ஆண்டுக்கு 80,000 டொலருக்கு மேற்பட்டு நிற்கின்றன. போய்ச் சேர்ந்தால் வேலைசெய்து கட்டலாம் என்று சொல்வோர் இக்கணக்கை ஒருமுறை தாளிற் போட்டுப் பார்க்கவில்லை.

உழைப்பையே முறையாகக் கொண்ட கல்லூரிகளும் உள. கென்ரக்கி மாநிலத்துப் பெரீயா கல்லூரி அவற்றுள் முதன்மையானது. வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்ட அதே 1855ஆம் ஆண்டில், அடிமை முறையை எதிர்த்த யோன் பீ என்னும் போதகர் அதனை நிறுவினார். கறுப்பரும் வெள்ளையரும், ஆணும் பெண்ணும் ஒருங்கிருந்து படிக்கத் தென்னாட்டில் இடந்தந்த முதற் கல்லூரி அது. 1904இல் மாநிலச் சட்டம் அதனைத் தடுத்தது. 1950இலேதான் தடை தளர்ந்தது. 1892 முதல் அங்கே போதனைக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. மாணவர் ஒவ்வொருவரும் வாரம் குறைந்தது 10 மணி நேரம் வேலைசெய்தல் வேண்டும். துடைப்பம் கட்டுவோரும், தறியில் நெய்வோரும், தச்சு வேலை செய்வோரும், கல்லூரிக்குச் சொந்தமான விடுதியில் விருந்தினரை உபசரிப்போரும் மாணவரே. அமெரிக்க மாணவர் அங்கும் பெல் கொடையைப் பெறுகின்றனர் என்பதை மறைத்தலாகாது. ஆயினும் கல்லூரியைத் தாங்குவது அதுவன்று. 1920 முதல், நோக்கம் குறியாது வந்த மரணசாதனக் கொடைகளையெல்லாம் செலவிடாது மூலநிதியிற் சேர்த்துவந்த நிருவாகிகளின் பொறுமையே தாங்குகின்றது. அந்நிதி இன்று 100 கோடி டொலருக்கு மேற்பட்டது. ஆண்டுதோறும் ஏறக்குறைய 30 அயல்நாட்டு மாணவரை அக்கல்லூரி சேர்த்துக்கொள்கின்றது. முதலாண்டுச் செலவை முற்றாகத் தாங்குகின்றது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளை அது சேர்ப்பதேயில்லை என்பது இன்னுமொரு வியப்பு.

கலிபோர்ணியாவின் பாலைநிலத்தில் உள்ள டீப் ஸ்பிறிங்ஸ் கல்லூரி வேறொரு வகை. மின்சாரத் தொழிலிற் பொருளீட்டிய நன் என்பவர் 1917இல் நிறுவியது. முழுக் கல்லூரியிலும் 30 பேருக்குக் குறைவான மாணவர், இரண்டாண்டுப் படிப்பு, கட்டணம் இல்லை. மாணவர் மாடு மேய்த்து, பால் கறந்து, புல் அறுத்து, மாலையில் மெய்யியல் படிக்கின்றனர். 2018 முதல் பெண்களுஞ் சேர்கின்றனர். நம் தோட்டப் பிள்ளைகளுக்கு இது ஒத்துவரும் எனச் சொல்ல ஆசைதான். ஆனால் ஆண்டில் இடம் பெறுவோர் பதினைந்து பேர் அளவினரே.

அரசுதவியை வேண்டாமென விலக்கிய கல்லூரிகளும் இரண்டொன்று உண்டு. பென்சில்வேனியாவின் குறோவ் சிற்றிக் கல்லூரி, ஆண் பெண் சமத்துவச் சட்டத்துக்கு உடன்படும் பத்திரத்திற் கையெழுத்திட மறுத்து வழக்காடியது. மாணவர் பெறும் பெல் கொடையும் கல்லூரி பெறும் உதவியே என 1984இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. அதன்பின் அக்கல்லூரி கொடையை விட்டது. 1996இற் கடனையும் விட்டது. மிச்சிகன் மாநிலத்து ஹில்ஸ்டேல் கல்லூரியும் அவ்வாறே விலகியது. தன் கொள்கையைக் காக்கப் பணத்தைத் துறந்தமை ஒருபுறமிருக்க, எக்கொள்கைக்காகத் துறந்தன என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் இங்கே வேண்டிய செய்தி வேறு: அரசின் ஒரு சதமுமின்றி, தம் நன்கொடையாளரைக் கொண்டே அவை மாணவர்க்குக் கழிவும் உபகாரச் சம்பளமும் அளித்து நடந்துவருகின்றன. இயலும் என்பதற்கு அவை சாட்சி.

இனி, நம் பிள்ளைகள் பெரும்பாலோர் விண்ணப்பிக்கும் சாதாரணத் தனியார் கல்லூரிகளுக்கு வருவோம். அங்கே அச்சிட்ட கட்டணம் ஒன்று. கட்டும் கட்டணம் வேறொன்று. புடவைக் கடையில் விலைச்சீட்டைப் பார்த்து மலைத்துத் திரும்பாது பேசி வாங்கத் தெரிந்த நம்மவர், கல்லூரி விலைச்சீட்டின் முன் வாயடைத்து நிற்கின்றனர். தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்க்குப் போதனைக் கட்டணத்திற் சராசரியாகப் பாதிக்கு மேற்பட்ட தொகையைத் தாமே கழித்துவிடுகின்றன. இக்கழிவு இருவகைப்படும். பெறுபேற்றின் சிறப்புக்காகத் தருவது ஒன்று. அது அயல்நாட்டவருக்கும் பல இடங்களில் உண்டு. குடும்பத்தின் வருமானத்தை ஆராய்ந்து, இயன்றதுக்கும் வேண்டியதுக்கும் உள்ள இடைவெளியை நிரப்புவது மற்றொன்று.

இரண்டாவது வகையில் நுட்பம் ஒன்று இருக்கின்றது. முகவர் சொன்னதன் உண்மைப் பாதி இங்கேயும் ஒளிந்துள்ளது. ஹார்வார்ட், யேல், பிறின்ஸ்ரன், மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனம், அமெஸ்ற் முதலிய மிகச் சில இடங்களில், உதவி கேட்டமை அனுமதியைப் பாதியாது. சேர்த்துக்கொண்டால் இடைவெளி முழுவதையும் நிரப்புவர். 2022இல் டார்மத், போடின் ஆகிய கல்லூரிகளும் அயல்நாட்டவர்க்கு அவ்வாறு செய்யத் தீர்மானித்தன. பிறின்ஸ்ரன் 2001 முதல் கடனையே நீக்கிக் கொடையாகத் தருகின்றது. ஆனால் இவ்விடங்களில் நுழைவோர் விண்ணப்பிப்போரில் மிகச் சிறு பங்கினர். ஏனைய கல்லூரிகள் பலவற்றில், உதவி கேட்கும் அயல்நாட்டவனின் அனுமதி வாய்ப்புக் குறைவது மெய். கேளாது நுழைந்தாலோ, பின்னர் நான்கு ஆண்டுக்குங் கேட்கும் உரிமை பல இடங்களில் அற்றுப்போகும். எனவே கேட்பதா விடுவதா என்பது ஒரு பிள்ளையின் குடும்பக் கணக்கைப் பார்த்தே தீர்மானிக்கவேண்டிய காரியம்; முகவர் ஒருவர் எல்லோருக்கும் ஒரேவிதமாகக் குறியிடுங் காரியமன்று. நான்கு ஆண்டுச் செலவையும், ஆண்டுதோறுங் கட்டணம் ஏறும் என்பதையும், ரூபா விழக்கூடும் என்பதையுஞ் சேர்த்துக் கணக்கிட்டபின்னும் தாங்கவல்ல குடும்பமே கேளாமல் விடலாம். ஏனையோர் கேட்டே விண்ணப்பிக்கட்டும். அனுமதி கிடையாது போகலாம். நடுவழியிற் பணமின்றித் திரும்புதலினும் அது நன்று.

செலவைக் குறைக்கும் வழிகள் வேறு சில. முதலிரு ஆண்டுகளைச் சமுதாயக் கல்லூரி எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரியிற் படித்து, பின் சர்வகலாசாலைக்கு மாறுதல் பலரறிந்த முறை. உள்ளூரார்க்கு அங்கே கட்டணம் சராசரி 4,000 டொலர் அளவு. அயல்நாட்டவருக்கு அவ்விலை இல்லை, ஆயினும் சர்வகலாசாலைக் கட்டணத்திலும் மிகக் குறைவு. க.பொ.த. உயர்தரச் சித்திக்குச் சில கல்லூரிகள் ஓரிரு பாடங்களைக் கழித்துத் தருகின்றன. ஒரு தவணை குறைந்தால் ஒரு தவணைப் பணம் மிச்சம். இவற்றைச் சேர்ந்தபின் கேட்பதிலும் சேருமுன் எழுத்திற் கேட்டு வைத்தல் நன்று.

ஆயினும் நம் நாட்டுப் பிள்ளைக்கு அகலத் திறந்த கதவு இவற்றில் ஒன்றுமன்று. முதற் பட்டத்தை இலவசக் கல்வியின் பயனாக இங்கேயே பெற்று, மேற்பட்டத்துக்கு அங்கே செல்லுதலே அது. விஞ்ஞானம், பொறியியல், பொருளியல் முதலிய துறைகளிற் கலாநிதிப் பட்ட ஆராய்ச்சிக்குச் சேர்வோருக்கு, உதவிப் போதனாசிரியராகவோ ஆய்வுதவியாளராகவோ பணி தந்து, போதனைக் கட்டணத்தைக் கழித்து, சீவனத்துக்கு மாதச் சம்பளமுந் தருதல் அங்குள்ள சர்வகலாசாலைகளின் வழக்கம். பேராதனையிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மொறட்டுவையிலும் பட்டம் பெற்ற நம்மவர் பலர் வீட்டிலிருந்து விமானச் சீட்டுக்கு மேல் ஒன்றும் பெறாது சென்றது இவ்வழியால். ஆய்வுதவியாளர் சம்பளத்தின் ஊற்று பல இடங்களிற் சமஷ்டி அரசு பேராசிரியர்க்கு அளிக்கும் ஆராய்ச்சிப் பணமே. அது மாணவனுக்குத் தரும் உதவியன்று, வேலைக்குத் தரும் கூலி. ஆகவே அயல்நாட்டவனுக்குந் தடையில்லை. ஆனால் அந்த ஊற்று வற்றினால் இந்தக் கிணறும் வற்றும். 2025இல் அவ்வாராய்ச்சிப் பணம் வெட்டப்பட்டபோது, பல சர்வகலாசாலைகள் கலாநிதி மாணவர் தொகையைக் குறைத்தன. முதுமாணிப் படிப்புக்கு இவ்வழி பொதுவாக இல்லை என்பதையும் கவனிக்க. அதற்குக் கைப்பணமே கொடுக்கவேண்டி வரும். இரண்டையும் ஒன்றென எண்ணி ஏமாந்தவர் உளர்.

உள்நாட்டிற் சர்வகலாசாலை இடம் அருமை, வெட்டுப்புள்ளி கடுமை, அதனாலேயே வெளியே பார்க்கின்றோம் எனப் பெற்றோர் சொல்வர். அது நியாயமான சொல். அவர்க்கு நான் சொல்லக்கூடியது கடனைப் பற்றியதே. அமெரிக்கர் துணைக் கையொப்பம் இன்றி அயல்நாட்டு மாணவனுக்குக் கடன் தரும் தனியார் நிறுவனங்கள் உள, வட்டி அதிகம். 100க்கு 12 என வைத்துக்கொண்டால், 40,000 டொலர்க் கடனுக்கு ஆண்டு வட்டி மாத்திரம் 4,800 டொலர். டொலரிற் பட்ட கடனை டொலரில் உழைத்தே தீர்த்தல் வேண்டும். படித்து முடித்தவனுக்கு அங்கே வேலை விசா கிடைக்கும் என்பதற்கு எவரும் பிணை நிற்கார். ரூபாவில் உழைத்து அக்கடனைத் தீர்க்க நேர்ந்தால் என்னாகும் என்பதை 2022 நமக்குக் காட்டிவிட்டது. காணியை ஈடு வைத்து உள்ளூர் வங்கியிற் கடனெடுத்தாலும் ஆபத்து இதுவே. கடன் ரூபாவில் இருக்கும், கட்டணம் டொலரில் ஏறும்.

அம்மாணாக்கனின் கதையை முடிக்கவில்லை. தோட்டக்காணி விற்கப்பட்டது. அவன் மூன்றாம் ஆண்டில் விடுதி மேற்பார்வை மாணவன் என்னும் பதவிக்கு விண்ணப்பித்துப் பெற்றான். கீழ்வகுப்பு மாணவரின் சுகநலங்களைக் கவனிப்பவர்க்கு அறையும் உணவும் இலவசம். கோடை விடுமுறையில் அண்மையிலிருந்த சமுதாயக் கல்லூரியிற் சில பாடங்களைக் குறைந்த விலைக்குப் படித்து, தன் கல்லூரிக்கு மாற்றிக்கொண்டு, ஒரு தவணை முந்தியே பட்டம் பெற்றான். இவையெல்லாம் முதலாண்டிலேயே அறிந்திருக்கத்தக்கவை. தந்தையார் என்மீது குறை சொல்லவில்லை. கல்லூரி விழாவுக்கு வந்தால் என் பக்கத்திலேயே அமர்கின்றார்.

பழைய மாணவர் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். உபகாரச் சம்பள நிதி தொடங்கவேண்டும் என்று பொன்விழாக் காலத்திலும் பேசினோம், இப்போதும் பேசுகின்றோம். ஒரு பிள்ளையை அமெரிக்காவிற் படிப்பிக்கும் பணத்தை நாம் சேர்க்கமுடியாது, சேர்க்கவும் வேண்டியதில்லை. கல்லூரி தரத் தயாராய் இருக்கும் உபகாரச் சம்பளத்தின் வாசலுக்குப் போய்ச் சேரும் சில்லறைச் செலவே பல பிள்ளைகளை மறிக்கின்றது. பரீட்சைக் கட்டணம், ஆங்கிலத் தேர்வு, ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு கட்டணம், பின்னர் மாணவர் பதிவுக்கு 350 டொலர், விசா விண்ணப்பத்துக்கு 185 டொலர், விசாவுக்காகக் கொழும்புப் பயணம். தகுதியுள்ள இருவருக்கோ மூவருக்கோ ஆண்டுதோறும் இச்செலவை ஏற்பது சங்கத்தால் இயலாத காரியமன்று. வறிய மாணவர்க்கு விண்ணப்பக் கட்டணத்தைக் கேட்டால் விட்டுத் தரும் கல்லூரிகள் பல என்பதால், செலவு நாம் அஞ்சுமளவு வராது. அங்கே வாழும் பழைய மாணவர்கள் பணத்துக்குப் பதிலாக ஒரு மாலைப்பொழுதை அளித்து, விண்ணப்பக் கட்டுரையை வாசித்துத் திருத்தி, தாம் வாழும் ஊரில் அறை வாடகை எவ்வளவு, குளிர்காலத்து உடுப்பு எவ்வளவு என்று மெய்யைச் சொன்னாலும் போதும். பெருமைக்காகக் கூட்டியும் குறைத்தும் சொல்லாதிருப்பின் மிக நன்று.

மாணவர்க்குக் காலக் குறிப்பு ஒன்று. அமெரிக்கக் கல்வியாண்டு ஓகஸ்ட் அல்லது செப்ரெம்பரில் தொடங்கும். முன்கூட்டி விண்ணப்பிப்போர்க்கு முடிவு நாள் பெரும்பாலும் முந்திய நவம்பர் முதலாந் திகதி. ஏனையோர்க்கு ஜனவரி முதல் வாரம். உதவி கேட்கும் படிவங்களும் அதனோடு ஒட்டியே செல்லல் வேண்டும். மார்ச் இறுதியில் முடிவு வரும்; மே முதலாந் திகதிக்குள் சம்மதம் அறிவித்தல் வேண்டும். ஆகவே உயர்தரப் பெறுபேறு வந்தபின் பார்ப்போம் என்றிருப்பவன் ஓராண்டைக் கைவிட்டவனாவான். கொழும்பிலுள்ள ஐக்கிய அமெரிக்க-இலங்கை புல்பிறைற் ஆணைக்குழுவில், அமெரிக்கப் படிப்புப் பற்றிய ஆலோசனை கட்டணமின்றி வழங்கப்படுகின்றது. முகவரிடம் போகுமுன் அங்கே ஒருமுறை எழுதிக் கேட்கலாம். உயர்தர முதலாண்டு மாணவருள் விருப்பமுடையோர் வெள்ளிக்கிழமைகளிற் பாடசாலை விட்டபின் நூலகத்தில் என்னைக் காணலாம். குடும்ப வருமானக் கணக்கை எழுதிக்கொண்டு, இயலுமாயின் பெற்றோர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு வருக.